நடைபாதையில் ஒரு வீடு

கேள்வி: பாரிமுனைப் பக்கம் நடைபாதையில் வாழும் குடும்பங்களுக்கு என் மகள் ஞாயிறுதோறும் உணவுப் பொட்டலம் கொடுத்து வருகிறாள். இனி அவர்களோடு உட்கார்ந்து பேசிப் பழக வேண்டும் என்கிறாள். அனுப்பலாமா?
- வாசகி, பெரம்பூர்

பதில்: தாராளமாக அனுப்புங்கள் அம்மா, முடிந்தால் நீங்களும் உடன் செல்லுங்கள். பொட்டலத்தை நீட்டிவிட்டு நகரும்போது ஏந்திய கைகள் மட்டுமே நம் கண்ணில் படுகின்றன; அருகில் அமர்ந்தால்தான், அவர்களில் பலர் பாட்டன் காலத்திலிருந்து அதே தெருவில் வாழ்ந்து, மூட்டை தூக்கியும் மீன்பாடி வண்டி ஓட்டியும் பூக்கட்டியும் பிழைப்பவர்கள் என்பது தெரியவரும். நான் சென்றிருந்த ஒரு மாலையில் ஒரு பாட்டி, தார்ப்பாய் மூட்டையின் அடியில் பிளாஸ்டிக் உறைக்குள் மடித்து வைத்திருந்த ரேஷன் அட்டையை எடுத்துக் காட்டி, மழை வந்தால் முதலில் இதைத்தான் இடுப்பில் செருகிக்கொள்வேன் என்றார்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வீடற்றோர் சுமார் 17.7 லட்சம் பேர். பெருநகரங்களில் மக்கள்தொகையில் லட்சம் பேருக்கு ஒரு வீடற்றோர் காப்பகம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010இல் உத்தரவிட்டது. சென்னை மாநகராட்சியின் காப்பகங்களும் இயங்குகின்றன. ஆயினும், ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியே இடம் ஒதுக்கும் காப்பகத்திற்குக் கணவனும் மனைவியும் பிள்ளைகளுமாக வாழ்பவர்கள் செல்லத் தயங்குவது ஏன் என்பதை அவர்கள் வாயால் கேட்டால்தான் விளங்கும்.

பாய் விரித்த இடம் அவர்களுடைய வீடு. உட்காரச் சொல்லும் வரை மகள் நிற்கட்டும். செல்பேசியில் படம் எடுப்பது கூடவே கூடாது. தேநீர் வாங்கித் தந்தால் மறுக்காமல் குடிக்கட்டும். தேர்வுக் காலத்தில் வர இயலாவிட்டால், முந்தைய வாரமே சொல்லிவிட்டு வரட்டும். அங்கே குழந்தைகள் எதிர்பார்த்துக் காத்திருப்பார்கள்.