விண்மீன்களுக்கு நடுவே உள்ள தூசியைப் பார்க்க எவ்வளவு பெரிய கண்ணாடி வேண்டும்?

கேள்வி: விண்மீன்களுக்கு நடுவே பரவிக் கிடக்கும் வாயுவையும் தூசியையும் புற ஊதா ஒளியில் ஆராய்கிறார்களே, அதற்கும் ஹப்பிள் போலப் பெரிய தொலைநோக்கிதான் வேண்டுமா? சின்ன செயற்கைக்கோளில் முடியாதா?
– இயற்பியல் மாணவி, ஓசூர்

பதில்: தாராளமாக முடியும். ஒரு விண்மீனின் ஒளி வரும் வழியில் எந்த வாயு எவ்வளவு உறிஞ்சியது என்று பார்ப்பதானால் ஒளியைத் திரட்டும் தொலைநோக்கிக் கண்ணாடி பெரிதாக இருந்தால்தான் நல்லது. 1972-ல் போன கோப்பர்னிக்கஸ் என்ற புற ஊதா விண்வெளித் தொலைநோக்கியில் 80 செ.மீ. கண்ணாடி இருந்தது. ஆனால் அந்த வாயுவே விடும் ஒளியையும், தூசி சிதறடிக்கும் ஒளியையும் பிடிக்க வேண்டுமென்றால் கணக்கே வேறு: கண்ணாடியின் பரப்பை, ஒரே நேரத்தில் கண்ணுக்குள் வரும் வானத்தின் பரப்பால் பெருக்க வேண்டும். சின்னக் கண்ணாடியாக இருந்தாலும் அகலமாகப் பார்த்தால் ஜெயிக்கலாம். 2003-ல் ஏவப்பட்ட தென்கொரியாவின் சுமார் 100 கிலோ செயற்கைக்கோளில் இருந்த ஸ்பியர் கருவி அப்படித்தான் வானத்தின் பெரும்பகுதியில் சூடான வாயுவைத் தேடியது.

உண்மையான கஷ்டம் கண்ணாடிப் பூச்சில். அலுமினியம் காற்று பட்டதும் ஆக்சைடாகி தொலைதூரப் புற ஊதாவை (அலைநீளம் மிகக் குறைந்த புற ஊதா ஒளியை) விழுங்கிவிடும், அதனால் மேலே மெக்னீசியம் ஃப்ளூரைடு பூசுவார்கள், ஆனால் அது அலைநீளம் சுமார் 115 நானோமீட்டருக்குக் குறையாத வரைதான் கைகொடுக்கும். ஹைட்ரஜன் மூலக்கூறின் உறிஞ்சு கோடுகளோ, அதாவது அது ஒளியை உறிஞ்சும் குறிப்பிட்ட அலைநீளங்களோ, அதற்கும் கீழே! லித்தியம் ஃப்ளூரைடு இன்னும் கொஞ்சம் கீழே போகும், ஆனால் ஈரம் பட்டால் கெடும். அதற்கும் கீழே சிலிக்கன் கார்பைடு, அதுவோ மூன்றில் ஒரு பங்கு ஒளியைத்தான் திருப்பும். ஒவ்வொரு பிரதிபலிப்பிலும் 60 சதவீதம்தான் தேறுகிறது என்றால் மூன்று பிரதிபலிப்புக்குப் பிறகு மிஞ்சுவது 22 சதவீதம். அதனால்தான் 1999-ல் ஏவிய ஃபியூஸ் என்ற புற ஊதா விண்வெளித் தொலைநோக்கியில் ஒளி இரண்டே பரப்புகளில் பட்டு உணரிக்குப் போகும்படி செய்தார்கள், எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு அது.

அப்புறம் சுத்தம். பிசின், எண்ணெய் ஆவி கொஞ்சம் கண்ணாடியில் படிந்தாலும் புற ஊதா பட்டு அங்கேயே இறுகிவிடும். ஓசூரிலிருந்து அதிக தூரமில்லாத ஹொஸகோட்டேயில்தான் இந்தியாவின் விண்வெளி ஆய்வகமான அஸ்ட்ரோசாட்டின் யூவிஐடி என்ற புற ஊதா தொலைநோக்கிகளை அதிசுத்த அறையில் பூட்டினார்கள். 2015 செப்டம்பரில் ஏவிய பிறகும் செயற்கைக்கோளிலிருந்து கசியும் ஆவி வடியட்டும் என்று ஏறக்குறைய இரண்டு மாதம் மூடியைத் திறக்கவில்லை.

பூமியைச் சுற்றியுள்ள ஹைட்ரஜனின் 121.6 நானோமீட்டர் வெளிச்சமும் தொல்லைதான், ஆனால் வடிகட்டியில் கால்சியம் ஃப்ளூரைடு போட்டால் அதைத் தடுத்துவிடலாம்.

உங்கள் கல்லூரியில் சின்னக் கருவி செய்ய நினைத்தால், முதலில் எந்த ஒரு அலைநீளக் கோட்டைப் பார்க்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். பூச்சு, வடிகட்டி, உணரி எல்லாம் அதைப் பொறுத்துத்தான்.