கடற்பாசி வெளுத்து முறிவது ஏன்?

கேள்வி: கிளிநொச்சி மாவட்டத்தின் வலைப்பாட்டுக் கரையில் கயிறு கட்டிக் கடற்பாசி வளர்க்கிறேன். மாரி மழைக்குப் பின்னர் கொப்புகள் இடையிடையே வெளுத்து, தொட்டவுடன் முறிகின்றன. என்ன மருந்து போடலாம்? அதே கயிறுகளில் சிப்பியும் தொங்கவிடலாமா?

பதில்: நீங்கள் கூறும் அடையாளம், கயிற்றில் வளர்க்கப்படும் கப்பாபைகஸ் என்ற கடற்பாசியில் ‘ஐஸ்-ஐஸ்’ எனப்படும் வெளுப்பு நோயினுடையது. ஆயினும் ஒரு கயிற்றைத் தூக்கிப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். கொப்பின் நடுவே ஒரு துண்டு மட்டும் வெளுத்து மெதுமெதுப்பாகி, அதன் இரு பக்கமும் நிறம் மாறாதிருந்தால் அது வெளுப்பு நோய். தண்டு உறுதியாக இருக்க, நுனிகள் மட்டும் கறித்தாற்போல் குறைந்திருந்தால் ஓரா மீன் மேய்ந்திருக்கிறது.

இந்நோய்க்குக் கடலில் போடத்தக்க மருந்து எதுவுமில்லை. எவரேனும் விற்க வந்தாலும் வாங்காதீர்கள். இந்தப் பாசிக்கு ஆயிரத்துக்கு 28 முதல் 35 பங்கு வரையான உப்புச்செறிவு வேண்டும். மாரியில் ஆறுகள் கொண்டுவரும் வெள்ளம் ஆழமற்ற கரைநீரில் பரவும்போது உவர் குறைந்து பாசி நலிகிறது. நலிந்த கொப்பிலேயே பக்டீரியா பெருகுகிறது. பங்குனி, சித்திரையில் காற்று விழுந்து நீர் சூடேறும்போதும் இதே வெளுப்பு வரக்கூடும்.

வெளுத்த துண்டை, அதை ஒட்டிய நல்ல பகுதியிலும் ஒரு விரற்கடை சேர்த்து வெட்டிக் கரைக்குக் கொண்டுவாருங்கள். கடலில் எறிய வேண்டாம். இது எங்கள் கடலுக்குரிய பாசியன்று. அறுந்த துண்டிலிருந்தே மீண்டும் தழைக்கும். மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் இது பவளப்பாறைகள்மேல் படர்ந்தமை 2008 இல் வெளியான ஆய்விலேயே பதிவாகியுள்ளது. எஞ்சிய கயிறுகளை ஆற்று வாய்க்கு அப்பால், கடல்நீர் வற்றி இறங்கும் வேளையிலும் பாசி வெயிலில் படாத, நீரோட்டமுள்ள இடத்துக்கு மாற்றுங்கள். பாதிக்கு மேல் வெளுத்த கயிறாயின் வழக்கமான 45 நாள் வரை பொறுத்திராமல் உடனே அறுத்து உலர்த்துவதே மேல். மறுநடுகைக்கு நோயில்லாத கயிற்றின் இளங்கொப்புகளையே, ஒவ்வொன்றும் 100 முதல் 150 கிராம் அளவில் கட்டுங்கள்.

சிப்பியை அதே கயிற்றில் கட்டுவதை நான் ஏற்கமாட்டேன். அதன் பாரம் கயிற்றைத் தாழ்த்திப் பாசிக்கு வெளிச்சத்தைக் குறைக்கும். ஓட்டின் விளிம்பு உரசிக் கொப்பை அறுக்கும். சற்றுத் தள்ளித் தனிக் கயிற்றில் வளர்க்கலாம். சிப்பி நீரிலுள்ள நுண்பாசியை வடித்து உண்பதால் தீனிச் செலவில்லை. ஆனால் கழிவுநீரிலுள்ள கிருமிகளையும் அவ்வாறே உடலில் சேர்த்துக்கொள்ளும் என்பதால், ஊர் வாய்க்கால் விழும் பக்கத்தைத் தவிருங்கள். கயிறு போடுமுன் நக்டா எனப்படும் தேசிய நீர்வாழ் உயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபையின் உத்தியோகத்தரிடம் இடத்தைக் காட்டி, சிப்பிக்கும் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.