சாரணர் குழு நடத்தும் பெரியவர்கள் தங்களுக்குள் அரசியல் பேசலாமா?

தாராளமாகப் பேசலாம், யார் காதில் விழுகிறது என்று பார்த்துப் பேச வேண்டும், அவ்வளவுதான். உலக சாரணர் இயக்கத்தின் சாசனம் சாரணியத்தை அரசியல் சார்பற்ற தன்னார்வக் கல்வி இயக்கம் என்கிறது. அந்தக் கட்டுப்பாடு இயக்கத்துக்கு. தன்னார்வலரின் வாய்க்குப் பூட்டு இல்லை. கட்சியில்கூட இருக்கலாம். சீருடையோடு கட்சிக் கூட்டத்துக்குப் போவதைத்தான் பல நாட்டு அமைப்புகளின் விதிகள் தடுக்கின்றன.

சிக்கல் பெரும்பாலும் முகாமில்தான் வரும். பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள் என்று நினைத்து, தீயைச் சுற்றி உட்கார்ந்து தேர்தல் கதையை ஆரம்பிப்பார்கள். கூடாரத் துணி சத்தத்தைத் தடுக்காது. சரி, கேட்டுவிட்டுப் போகட்டும் என்றாலும், சண்டை முற்றி மறுநாள் இருவர் முகம்கொடுத்துப் பேசாமல் இருந்தால்? ஆற்றங்கரையில் அவர் நிற்கிறார் என்று இவரும், இவர் நிற்கிறார் என்று அவரும் நினைத்துக்கொள்வார்கள். பிள்ளைகள் தண்ணீரில் இருப்பார்கள். எனக்கு அரசியலைவிட இதுதான் பயம். அதனால் முகாம் முடியும்வரை அந்தப் பேச்சே வேண்டாம் என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளே கேட்டால் மழுப்பாதீர்கள். சட்டம் எப்படி உருவாகிறது, ஓட்டு எப்படி எண்ணப்படுகிறது என்று விளக்குங்கள். குடிமைப் பயிற்சி சாரணியத்தின் பாடம்தான். உங்கள் ஓட்டு யாருக்கு என்பதை மட்டும் விட்டுவிடுங்கள்.