தண்ணீருக்குள் ஒரு படம், தரையில் வேறொரு படம்

கடிதம்:

அன்புள்ள ஐயா,

1977இல் வந்த ‘தி டீப்’ படத்தைச் சென்ற வாரம் பார்த்தேன். அட்லாண்டிக் தீவான பெர்முடாவுக்கு விடுமுறைக்கு வரும் ஒரு ஜோடி, இரண்டாம் உலகப்போரில் மூழ்கிய கப்பலின் இடிபாட்டில் மார்ஃபின் குப்பிகளைக் கண்டெடுக்கிறார்கள். அதே இடத்தில் பழைய ஸ்பானியப் புதையலின் தடயமும் கிடைக்கிறது. மார்ஃபினுக்காக ஒரு கும்பல் துரத்துகிறது. பார்த்து முடித்ததும் அந்தக் காலத்து விமர்சனங்களைத் தேடிப் படித்தேன். பெரும்பாலும் திட்டியிருக்கிறார்கள். ஆனால் படம் பெரிய வெற்றி. எனக்கோ இரண்டு தரப்பும் சரி என்றுதான் தோன்றியது. தண்ணீருக்குள் போனால் கண்ணை எடுக்க முடியவில்லை. மேலே வந்தால் கொட்டாவி வருகிறது. இது என் ரசனையின் கோளாறா, படத்தின் கோளாறா? புதையல் வேட்டை என்றாலே தரையில் சொல்வதற்கு ஒன்றும் இல்லையா?

அன்புடன்,
ஒரு வாசகர்

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் ரசனையில் கோளாறு எதுவும் இல்லை. படம் பார்த்த கோடிக்கணக்கானவர்களின் அனுபவமும் ஏறக்குறைய இதுதான். பீட்டர் யேட்ஸ் இயக்கிய இந்தப் படம் 1977 ஜூனில் வெளியானது. மூன்று வாரங்களுக்கு முன்புதான் ‘ஸ்டார் வார்ஸ்’ வந்து ஊரையே தூக்கிக்கொண்டு போயிருந்தது. அந்தக் கோடையில் அமெரிக்காவில் மட்டும் சுமார் 4.7 கோடி டாலர் வசூலித்து, அந்த ஆண்டின் முதல் பத்துக்குள் இந்தப் படம் இடம்பிடித்தது. கூட்டம் வந்ததற்கு வெளிப்படையான காரணங்கள் உண்டு. கதை, ‘ஜாஸ்’ எழுதிய பீட்டர் பெஞ்ச்லியின் அடுத்த நாவல். ‘ஜாஸ்’ படத்தில் சுறா வேட்டைக்காரராக வந்த ராபர்ட் ஷா இதிலும் இருக்கிறார். அப்புறம், நனைந்த பனியனோடு நாயகி ஜாக்குலின் பிசெட் நீந்தும் அந்த விளம்பரப் படங்கள். அந்த விளம்பரம் அவருக்கும் அநீதி செய்தது, படத்துக்கும் அநீதி செய்தது என்பது என் உறுதியான எண்ணம். இன்றைக்கும் இந்தப் படத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் பாதிப் பேர் அந்தப் பனியனில்தான் நிற்கிறார்கள். அதே காட்சியில் அவர் கையில் கட்டியிருக்கும் கோலை இடிபாட்டுக்குள்ளிருந்து ஏதோ ஒன்று பிடித்து இழுக்கிறதே, அந்தப் பயங்கரம் யாருக்கும் நினைவில் இல்லை.

சுறாவுக்காகவும் விளம்பரத்துக்காகவும் வந்தவர்கள் முதல் வாரத்தோடு தீர்ந்துபோவார்கள். அதற்குப் பிறகும் ஒரு படம் ஓடுகிறது என்றால் உள்ளே சரக்கு இருக்க வேண்டும். இந்தப் படத்தில் இருந்தது: மூச்சு.

ஸ்கூபா சிலிண்டரோடு கீழே போகிறவருக்கு ஒரு கணக்கு உண்டு. ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. தண்ணீர் மட்டத்தில் ஒரு மணி நேரம் தாங்கும் காற்று, பத்து மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம்தான் வரும், இருபது மீட்டரில் இருபது நிமிடம். பயந்தால் மூச்சு வேகமாகும், காற்று இன்னும் சீக்கிரம் தீரும். சரி, ஆபத்து வந்தால் விருட்டென்று மேலே வந்துவிடலாமா? அதுவும் முடியாது. மூச்சை அடக்கிக்கொண்டு வேகமாக ஏறினால், உள்ளே இருக்கும் காற்று விரிந்து நுரையீரலே கிழியலாம். பேச முடியாது. ஒலி தண்ணீரில், காற்றில் வருவதைவிட நான்கு மடங்குக்கும் அதிகமான வேகத்தில் வருவதால் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்றும் பிடிபடாது. சில மீட்டர் இறங்கினாலே சிவப்பு நிறம் மங்கிவிடும், ரத்தம் கூடக் கறுப்பாகத் தெரியும். ஒரு திரில்லர் எழுதுகிறவன் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டிய நெருக்கடிகள் அத்தனையையும் கடல் தானாகவே தருகிறது. பயப்படுவதே ஆயுளைக் குறைக்கும் இடம் அது.

இந்தப் படம் அந்தக் கணக்கை மதித்தது. நடிகர்களை முக்குளிக்கப் பழக்கி, அவர்களையே கீழே இறக்கினார்கள். ஆல் கிடிங்ஸ், ஸ்டான் வாட்டர்மேன் என்ற இரண்டு தேர்ந்த கடலடி ஒளிப்பதிவாளர்கள் கூடவே போனார்கள். பெர்முடாவில் பெரிய தொட்டி ஒன்றைக் கட்டி, அதற்குள் கப்பலின் உட்புறத்தை அமைத்தார்கள். திறந்த கடல் காட்சிகளில் நீங்கள் பார்க்கும் இடிபாடு நிஜமானது. அது பிரிட்டிஷ் விர்ஜின் தீவுகளில் சால்ட் தீவை ஒட்டிக் கிடக்கும் ‘ரோன்’ என்ற தபால் கப்பல். 1867 அக்டோபர் 29 அன்று சூறாவளியில் பாறையில் மோதி, கொதிக்கும் பாய்லரில் கடல்நீர் புகுந்து வெடித்து மூழ்கியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்த இடம். சட்டங்களில் படிந்த பவளம், விலா எலும்புபோல் நிற்கும் இரும்பு, இடுக்கில் விழும் வெளிச்சம், இதெல்லாம் செட் போட்டுக் கொண்டுவரக்கூடியவை அல்ல. வசனமே இல்லாத நீண்ட காட்சிகளில் நாம் கேட்பது ரெகுலேட்டரின் (சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொடுக்கும் கருவியின்) உறிஞ்சலும் குமிழிகளின் சத்தமும்தான். சிறந்த ஒலிக்காக இந்தப் படம் ஆஸ்கர் பரிந்துரை பெற்றதில் எனக்கு வியப்பே இல்லை. நீங்கள் கண்ணை எடுக்காமல் பார்த்தேன் என்கிறீர்கள். கூடவே உங்கள் மூச்சும் அந்தத் தாளத்துக்குப் போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

இடிபாட்டில் குடியிருக்கும் அந்த ராட்சத அஞ்சாலை (விலாங்குபோல நீண்ட உடல் கொண்ட கடல்மீன்) பற்றி மட்டும் ஒரு வார்த்தை. அஞ்சாலை வாயைத் திறந்து திறந்து மூடுவது கடிக்க வருவதற்காக அல்ல. செவுள்களுக்குத் தண்ணீரைத் தள்ள அது அப்படித்தான் செய்தாக வேண்டும், அதாவது மூச்சு விடுகிறது. படம் அந்த வாயசைவை அச்சுறுத்தலாக்கி, ஒரு சாதுவான பிராணிக்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்தது. தியேட்டரில் அலறியவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை.

இனி தரைக்கு வருவோம். விமர்சகர்கள் திட்டியது பெரும்பாலும் இந்தப் பகுதியைத்தான், நியாயமாகவே திட்டினார்கள். கீழே ஒவ்வொரு நிமிடத்துக்கும் விலை இருந்தது. மேலே வந்ததும் நேரத்துக்கு மதிப்பே இல்லை. வில்லன் ஹைட்டிக்காரன். அவனையும் அவன் ஆட்களையும் கறுப்பினத்தவராக நிறுத்தி, பில்லிசூனியத்தைக் காட்டிப் பயமுறுத்துகிறார்கள். நாயகியைக் கோழிக்காலால் மிரட்டும் அந்தக் காட்சியில் பெண்ணை அவமானப்படுத்துவதைத் தவிர வேறெதுவும் நடப்பதில்லை. ஒரு மக்களின் நம்பிக்கையை இப்படிப் பூச்சாண்டியாக்குவது அன்றைக்கே தவறு, இன்று பார்க்கும்போது இன்னும் உறுத்துகிறது. லூயி காசெட் ஜூனியர் மாதிரி நடிகரை வில்லனாக வைத்துக்கொண்டு இதைச் செய்தார்கள் என்பதில் கூடுதல் வருத்தம்.

ஆனால் ‘தரையில் சொல்வதற்கு ஒன்றும் இல்லையா’ என்ற உங்கள் கேள்விக்கு என் பதில், நிறைய இருக்கிறது என்பதுதான். இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். பெர்முடாவின் மேற்குப் பவளத்திட்டில் ‘கான்ஸ்டலேஷன்’ என்ற நான்கு பாய்மரக் கப்பல் 1943இல் உடைந்தது. வெனிசுலாவுக்குச் சிமெண்ட், விஸ்கி, மருந்துகள் எல்லாம் ஏற்றிக்கொண்டு போன கப்பல். அந்தச் சிமெண்ட் மூட்டைகள் இன்றும் கல்லாக இறுகி, மூட்டை வடிவத்திலேயே கடலடியில் அடுக்காகக் கிடக்கின்றன. அதை ஒட்டியே 1863இல் மூழ்கிய ‘மொன்டானா’ என்ற அமெரிக்க உள்நாட்டுப்போர்க் காலக் கப்பலும் கிடக்கிறது. ஒரு கப்பலின் பக்கத்தில் இன்னொரு காலத்துக் கப்பல் என்பது நாவலாசிரியரின் கற்பனை அல்ல, அந்த இடத்தின் இயல்பு. ஒரே பாறை எத்தனை நூற்றாண்டானாலும் கப்பல்களை உடைத்துக்கொண்டேதான் இருக்கும்.

ராபர்ட் ஷாவின் கதாபாத்திரத்துக்கு முன்மாதிரி பெர்முடாவின் புகழ்பெற்ற முக்குளிப்பவர் டெடி டக்கர். 1955இல் அவர் ஒரு ஸ்பானியக் கப்பலின் இடிபாட்டிலிருந்து ஏழு மரகதங்கள் பதித்த தங்கச் சிலுவையை எடுத்தார். பின்னர் பெர்முடா அரசு அதை வாங்கிக் காட்சிக்கு வைத்தது. 1975இல் எலிசபெத் ராணி அங்கே வரவிருந்தபோது, அவருக்குக் காட்டுவதற்காகச் சிலுவையை வெளியே எடுத்தார்கள். அது பிளாஸ்டிக் போலி! அசலை யார் எடுத்தார்கள், எப்போது மாற்றினார்கள் என்பது இன்றுவரை தெரியவில்லை. பெஞ்ச்லியின் நாவல் வெளியானது அதற்கு அடுத்த ஆண்டு.

அதே சமயத்தில் ஃபுளோரிடாவில் புதையல் வேட்டைக்காரர் மெல் ஃபிஷர், 1622இல் மூழ்கிய ‘அடோச்சா’ என்ற ஸ்பானியப் புதையல் கப்பலைத் தேடிக்கொண்டிருந்தார். 1975 ஜூலையில் அதன் பீரங்கிகள் கிடைத்தன. ஒரு வாரத்தில் அவர்களுடைய படகு ஒன்று கவிழ்ந்து, அவருடைய மகன், மருமகள், இன்னொரு முக்குளிப்பவர் என மூன்று பேர் இறந்தார்கள். கண்டெடுத்தது யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய் 1982இல்தான் முடிந்தது. முதன்மைக் குவியல் கிடைத்தது 1985 ஜூலை 20, மகன் இறந்து சரியாகப் பத்து வருடம் கழித்து. இதில் எந்தக் கட்டத்தைத் தொய்வு என்பீர்கள்?

புதையல் கதையின் தரைப்பகுதி உண்மையில் இதுதான்: இது என்ன பொருள், யாருடையது, எப்படி நிரூபிப்பது, யாரை நம்பி ஒப்படைப்பது. படத்திலும் இதற்கான விதை இருந்தது. ஸ்பெயின் மன்னர் ஐந்தாம் பிலிப் பார்மா இளவரசிக்காகச் செய்வித்த நகைகள், 1715இல் கடலில் போனவை என்று அவர்கள் பழைய ஏடுகளில் தேடும் இடம் ஒன்று வருகிறது. நகை கிடைத்தால் மட்டும் போதாது, அதன் பூர்வீகத்தை நிரூபித்தாக வேண்டும் என்கிறார் ஷா. மேலே நடப்பதில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அந்த ஒரு பகுதிதான். அதைப் பிடித்துக்கொண்டு போயிருந்தால், கீழே காற்று தீர்வதற்குள் ஆதாரத்தைத் தேட வேண்டும், மேலே கும்பல் வருவதற்குள் அதைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்று இரண்டு படமும் ஒரே படமாகியிருக்கும். அதை விட்டுவிட்டுக் கோழிக்காலுக்குப் போய்விட்டார்கள்.

வெறும் நீலக் கடலின் அழகு போதும் என்று நினைப்பவர்களுக்கு 2005இல் வந்த ‘இன்டு தி ப்ளூ’ நல்ல உதாரணம். பஹாமாஸ், பழைய கப்பல், பக்கத்தில் கொக்கெய்னோடு விழுந்த விமானம், ஓர் இளம் ஜோடி என்று கிட்டத்தட்ட அதே அமைப்பு. படப்பிடிப்பு பிரமாதம். ஆனால் போட்ட பணத்தைத் தியேட்டர்களில் எடுக்கவில்லை. அதற்குள் மக்கள் தொலைக்காட்சியிலேயே கடலடியைப் போதும் போதும் என்று பார்த்துவிட்டார்கள். 1977இல் பெரிய திரையில் அது புதிது.

இன்று பார்க்கும்போது உறுத்தும் இன்னொன்றும் உண்டு. ‘தி டீப்’ முடிவில் இடிபாட்டையே வெடி வைத்துத் தகர்க்கிறார்கள். மார்ஃபின் யார் கைக்கும் போகக் கூடாது என்பது கதையின் நியாயம். ஆனால் நூறு ஆண்டுகளுக்கு மேல் நீரில் கிடக்கும் இடிபாடுகளை வணிகத்துக்காகச் சூறையாடக் கூடாது என்று 2001இல் யுனெஸ்கோ உடன்படிக்கையே கொண்டுவந்தது. பெர்முடாவும் அதே ஆண்டு தன் இடிபாடுகளுக்கென்று சட்டம் இயற்றியது. படப்பிடிப்பு நடந்த ‘ரோன்’ கப்பல் 1980லேயே பாதுகாக்கப்பட்ட கடல் பூங்காவாகிவிட்டது.

இன்னொரு முறை பார்ப்பதானால், அந்த ஏடுகள் புரட்டும் காட்சியைத் தவறவிடாமல் பாருங்கள். டக்கரின் சிலுவை காணாமல்போன கதையை யாராவது முழு நீளப் படமாக, முதல் பாதி கடலடியிலும் மறுபாதி அருங்காட்சியகத்திலும் நடப்பதாக எடுத்தால், முதல் காட்சிக்கே டிக்கெட் வாங்க நான் தயார்.

அன்புடன்.