நீச்சல் குளத்துப் பாசிக்கு எவ்வளவு செம்பு மருந்து?

கேள்வி: எங்கள் வீட்டு நீச்சல் குளம் 20 அடி நீளம், 10 அடி அகலம், சராசரி ஆழம் 4 அடி. போர் தண்ணீர்தான். வாராவாரம் செம்பு மருந்து ஊற்றியும் பச்சை போகவில்லை, சுவரில் நீலக் கறை வேறு. அளவு என்ன?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: முதலில் மருந்தை நிறுத்துங்கள். தண்ணீர் வெயிலில் ஆவியாகும், செம்பு ஆவியாகாது. வாராவாரம் ஊற்றினால் சேர்ந்துகொண்டே போகும். நீலக் கறை அதற்கு அடையாளம்.

உங்கள் குளம் 800 கன அடி. கன அடிக்கு 28.3 லிட்டர் வீதம் சுமார் 22,600 லிட்டர். லிட்டருக்கு 0.3 மில்லிகிராம் செம்பு போதும். அதாவது மொத்தம் 6.8 கிராம். டப்பாவில் செம்பு 7 சதவீதம் என்றிருந்தால் ஏறக்குறைய 97 கிராம் மருந்து. மயில்துத்தத்தில் (காப்பர் சல்பேட்) கால் பங்குதான் செம்பு, ஆகவே 27 கிராம். ஆனால் உரக்கடைத் துத்தம் வேண்டாம், அதில் கலப்படம் இருக்கலாம்.

ஊற்றுமுன் செம்புச் சோதனைக் கிட்டால் பாருங்கள். 0.3 இருந்தால் ஒரு சொட்டும் தேவையில்லை. 0.8 காட்டினால் பாதித் தண்ணீரை மாற்றுங்கள். இறைத்ததைப் பாளையங்கால்வாயில் விடாதீர்கள், செம்பு மீனைக் கொல்லும்.

தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 7.2 முதல் 7.6 வரை இருக்கட்டும். அதற்கு மேலே ஏறினால் செம்பு படிந்து கறையாகும். போர் தண்ணீரில் இது அடிக்கடி நடக்கும். செம்பு பாசி வராமல் தடுக்கத்தான். வந்த பாசியைச் சுவரைத் தேய்த்து, குளோரின் போட்டே கொல்ல வேண்டும். அதிகக் குளோரின் போட்ட அன்று செம்பு ஊற்றாதீர்கள். குளோரின் லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கிய பிறகு, மோட்டார் ஓடும்போது, வாளித் தண்ணீரில் கரைத்துச் சுற்றிலும் ஊற்றுங்கள்.