ஆருஷி வழக்கு: விடுதலையானவர்களைக் கொலைகாரர்கள் என்று எழுதலாமா?

கேள்வி: நொய்டா ஆருஷி கொலை பற்றி எழுதும்போது அவளுடைய பெற்றோரைத் 'தப்பித்த கொலைகாரர்கள்' என்று குறிப்பிட்டேன். அவதூறு வழக்கு வருமா? பூட்டிய வீட்டில் வேறு யார் கொன்றிருக்க முடியும்?

பதில்: வரலாம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவின்படி இரண்டு வருடம் வரை சிறை கிடைக்கலாம். தீர்ப்பை நல்லெண்ணத்தோடு விமர்சிக்க அதே பிரிவில் விதிவிலக்கு இருக்கிறது, ஆனால் 2017 அக்டோபர் 12 அன்று அலகாபாத் உயர்நீதிமன்றம் விடுதலை செய்தவர்களைக் கொலைகாரர்கள் என்று சொல்லிவிட்டு அந்த விதிவிலக்கைக் கேட்பது கஷ்டம்.

சரி, 'வேறு யார்' என்ற கேள்விக்கு வருவோம். ஆருஷி இறந்து கிடந்த 2008 மே 16-ம் தேதி எல்லோரும் வீட்டுப் பணியாளர் ஹேம்ராஜ்தான் கொன்றார் என்று நம்பினார்கள். மறுநாள் அவருடைய உடலே அந்த வீட்டு மொட்டைமாடியில் கிடந்தது, பூட்டியிருந்த மாடிக் கதவை அதுவரை போலீஸ் உடைத்துக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த சில நாட்களில் ஊர் சந்தேகம் அப்படியே அப்பாமேல் திரும்பியது, கூடவே பதினான்கு வயதுகூட நிரம்பாத பெண்ணின் நடத்தையைப் பற்றிப் போலீஸ் அதிகாரியே பத்திரிகையாளர்களிடம் பேசினார். இதை இன்றைக்கும் என்னால் பொறுக்க முடியவில்லை.

சாட்சியம்? சிபிஐயே 2010 டிசம்பரில் போதிய ஆதாரம் இல்லை, வழக்கை முடித்துவிடலாம் என்று அறிக்கை கொடுத்தது. நீதிமன்றம் அதை ஏற்காமல் பெற்றோர்மேல் வழக்கை நடத்தியது, 2013-ல் ஆயுள் தண்டனை வந்தது. வேறொருவர்மேல் சந்தேகம் எழுப்பக்கூடியதாக, இன்னொரு பணியாளரின் தலையணை உறையில் ஹேம்ராஜின் டிஎன்ஏ இருப்பதாக ஹைதராபாத் ஆய்வகம் அறிக்கை கொடுத்திருந்தது. பிறகு அது தட்டச்சுப் பிழை, உறைகளின் விவரம் மாறிவிட்டது என்று விளக்கம் வந்தது.

வீட்டுக்குள் நடந்ததை வீட்டில் இருந்தவர்தான் விளக்க வேண்டும் என்று பழைய சாட்சியச் சட்டத்தின் 106-வது பிரிவைக் காட்டுவார்கள். ஆனால் வெளியாள் யாரும் வந்திருக்க முடியாது என்பதை அரசுத் தரப்பு முதலில் நிரூபித்தால்தான் அந்தப் பொறுப்பு குற்றம்சாட்டப்பட்டவர்மேல் விழும். இங்கே அது நிரூபிக்கப்படவில்லை என்றுதான் உயர்நீதிமன்றம் சொன்னது. சூழ்நிலைச் சாட்சியத்தில், அதாவது நேரில் பார்த்தவர் இல்லாமல் தடயங்களை வைத்து நிரூபிக்கும்போது, சங்கிலி எங்கும் அறுந்திருக்கக் கூடாது என்று 1984-ல் ஷரத் பிர்திசந்த் சர்தா வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, அதனால் 'வேறு யார்' என்பதற்குப் பெற்றோர் பதில் சொல்லத் தேவையே இல்லை.

அந்த இரண்டு சொல்லை உடனே எடுத்துவிடுங்கள். விசாரணை சொதப்பியது, தீர்ப்பில் எனக்கு உடன்பாடில்லை என்று காரணத்தோடு எழுதுங்கள். விடுதலைக்கு எதிரான சிபிஐயின் மேல்முறையீட்டை 2018-ல் உச்ச நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்றது, அதையும் பதிவில் சேர்த்துக்கொள்ளலாம். பழைய பதிவின் ஸ்கிரீன்ஷாட்டோடு யாராவது வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால் நீங்களாகப் பதில் எழுதாமல் முதலில் ஒரு வக்கீலைப் பாருங்கள்.