சுங்குடிச் சேலையை வெட்டி லோலிடா உடை தைக்கலாமா?

கேள்வி இது: "மதுரையில் இருக்கிறேன், தையல் ஓரளவு தெரியும். லோலிடா உடைகளில் கிமோனோ பாணி, சீன உடை பாணி என்றெல்லாம் பார்க்கிறேன். அதே மாதிரி நம்ம பாவாடை தாவணியையும் சுங்குடியையும் வைத்து நானே தைக்க முடியுமா? எங்கிருந்து ஆரம்பிப்பது?"

தாராளமாக முடியும். தெரியாதவர்களுக்காக: லோலிடா என்பது ஜப்பானில் வளர்ந்த, உப்பிய பாவாடையும் லேஸும் வைத்த உடைப் பாணி. நானும் வீட்டில் சாதாரண மிதி மெஷினில்தான் தைக்கிறேன், நேர்த்தையல் மட்டும் போடுகிற மெஷின், அதுவே போதும். ஆனால் சேலையை வாங்கிக்கொண்டு வந்து முதலில் கத்தரியை எடுக்காதீர்கள். இந்த உடைக்கு உயிர் துணியில் இல்லை, பாவாடை நிற்கிற விதத்தில் இருக்கிறது. இடுப்பிலிருந்து மணி மாதிரி விரிந்து முழங்காலுக்குக் கிட்டே முடிய வேண்டும். அந்த விரிவு வராவிட்டால் எவ்வளவு நல்ல சுங்குடியாக இருந்தாலும் அது ஒரு கவுன்தான், லோலிடா ஆகாது. அதனால் முதல் வேலை உள்பாவாடை.

உள்பாவாடைக்கு லெஹங்கா தைக்கிறவர்கள் வாங்கும் கேன்கேன் நெட்டே சரி. விளக்குத்தூண் பக்கம் துணிக்கடைகளில் கேட்டால் கிடைக்கும், கொஞ்சம் விறைப்பான ரகமாகக் கேளுங்கள், பூப்போல மெத்தென்று இருப்பது ஒரு மணி நேரத்தில் படுத்துவிடும். இடுப்பிலிருந்து ஒரு சாண் அளவுக்கு வெறும் பாப்ளின் துணி வையுங்கள், அங்கேயே நெட்டைச் சுருக்கினால் இடுப்பு தடித்துத் தெரியும். அதற்குக் கீழே அடுக்கு: முதல் அடுக்கு ஒன்றரை மீட்டர் சுற்றளவு, அடுத்தது மூன்று, அதன் கீழே ஆறு. ஒவ்வொரு அடுக்கும் மேலே உள்ளதைப் போல இரண்டு மடங்கு. நெட்டின் ஓரம் தொடையைக் கீறும், அதனால் ஓரத்துக்கு நாடா வைத்துத் தைத்துவிட்டு, உள்ளே ஒரு மெல்லிய காட்டன் லைனிங் கொடுங்கள்.

நம்ம ஊர் வெயிலில் நெட் வேண்டவே வேண்டாம் என்று தோன்றினால் ஆர்கண்டித் துணியை இதே கணக்கில் அடுக்கி, கெட்டியாகக் கஞ்சி போட்டு வெயிலில் உலர்த்திப் பாருங்கள். நெட் அளவுக்கு உப்பாது, ஆனால் சித்திரை மாதத்தில்கூடப் போட்டுக்கொண்டு வெளியே போகலாம். எடுத்து வைக்கும்போது மட்டும் கஞ்சியை அலசிவிட்டு வையுங்கள், இல்லாவிட்டால் பூச்சி அரிக்கும். ஷேர் ஆட்டோவில் போகிற ஆள் என்றால் வளையம் வைத்த உள்பாவாடை பக்கம் போகாதீர்கள், உட்கார்ந்தால் முன்பக்கம் அப்படியே தூக்கிக்கொள்ளும்.

சரி, இப்போது சுங்குடி. நான் இதை ஏன் இவ்வளவு தூக்கிப் பிடிக்கிறேன் என்றால், சுங்குடியின் அமைப்பே இந்த உடைக்காகச் செய்த மாதிரி இருக்கிறது. லோலிடா பாவாடைகளில் பெரும்பாலும் கீழ் ஓரத்தில் ஒரு கரை அச்சு ஓடும், மேலே சின்னச் சின்ன உருவங்கள் சிதறிக் கிடக்கும். ஜப்பான் கம்பெனிகள் அதற்காகவே தனியாகத் துணி அச்சடிக்கின்றன. நமக்கு அது சேலையிலேயே வந்துவிடுகிறது, கீழே பார்டர், மேலே புள்ளி. அதோடு பாவாடை என்பது வெறும் நீள்சதுரத்தைச் சுருக்குவதுதான், குடை கட் போல வளைத்து வெட்ட வேண்டியதில்லை, ஆகவே பார்டர் எங்கும் வெட்டுப்படாமல் முழுச் சுற்றும் ஓடும்.

கணக்கைச் சொல்கிறேன். ஐந்தரை மீட்டர் சேலை என்பது சுமார் 216 இன்ச். அகலம் சேலைக்குச் சேலை மாறும், 46 இன்ச் என்று வைத்துக்கொள்வோம். முந்தானைக்கு 36 இன்ச் தள்ளினால் 180 இன்ச் மிச்சம். அதை நீளவாக்கில் சரிபாதியாக வெட்டினால் 23 இன்ச் அகலத்தில் இரண்டு பட்டை, இரண்டிலும் ஒரு பக்கம் பார்டர். முதல் பட்டையில் 110 இன்ச் எடுத்தால் பாவாடை முடிந்தது. இடுப்பு 30 இன்ச் உள்ளவருக்குக் குறைந்தது 90 இன்ச் வேண்டும், சுங்குடி மெல்லிசு என்பதால் 110 வரை தைரியமாகச் சுருக்கலாம். பார்டர் கரையோடு இருப்பதால் கீழே மடித்து ஓரம் அடிக்கும் வேலையும் கிடையாது. இரண்டாவது பட்டையில் பார்டரை மட்டும் தனியாக எடுத்தால் 180 இன்ச் பிரில் கிடைக்கும், மீதித் துணியில் மேல்பாகம், தோள்பட்டை, இடுப்பில் கட்டும் நாடா எல்லாம் அடங்கிவிடும். முந்தானையை நெஞ்சுப் பகுதிக்கு வையுங்கள். அங்கேதான் வேலைப்பாடு அதிகம் இருக்கும், பார்க்கிறவர் கண்ணும் முதலில் அங்கேதான் போகும்.

வெட்டுவதற்கு முன்னால் துவைக்க வேண்டும், இதில் சமாதானமே இல்லை. முக்கியமாகச் சிவப்பு, மெரூன். தனி வாளியில் ஊறவைத்து, தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசி நிழலில் உலர்த்துங்கள். அதன்பிறகும் ஒரு வெள்ளைத் துணியை நனைத்து, பார்டர் மேல் வைத்து, சூடான அயர்ன் பாக்ஸால் அழுத்திப் பாருங்கள். வெள்ளையில் லேசாக ரோஸ் இறங்கினாலும் இன்னொரு அலசல். ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், இந்த உடையில் வெள்ளை லேஸும் வெள்ளைச் சட்டையும் பார்டரை ஒட்டியே இருக்கப் போகின்றன, அழகர் ஆற்றில் இறங்குகிற கூட்டத்தில் ஒரு முறை வேர்த்தாலே சாயம் ஏறிவிடும். துணி சுருங்குவதும் இந்தத் துவைப்பிலேயே முடிந்துவிடும்.

எந்தச் சுங்குடியை வெட்டுவது என்பதிலும் எனக்கு உறுதியான எண்ணம் உண்டு. கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்த அசல் சுங்குடி, சௌராஷ்டிரா மக்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருவது, 2005-இல் புவிசார் குறியீடு வாங்கியது, அதில் புள்ளி ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் வேறாக இருக்கும், முடிச்சுப் போட்ட இடம் புதுசில் லேசாகப் புடைத்துக்கொண்டு நிற்கும், விரலால் தடவினாலே தெரியும். அதைத் தயவுசெய்து வெட்டாதீர்கள், சேலையாகவே கட்டுங்கள். வெட்டுவதற்கு அச்சுச் சுங்குடியும் மெழுகு அச்சுச் சுங்குடியும் ஏராளமாக இருக்கின்றன. பாட்டியின் பெட்டியிலிருந்து எடுத்தது என்றால் வெட்டுவதற்கு முன் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். காரைக்குடிக் கண்டாங்கியும் அருமையாக வரும், கொஞ்சம் தடிமன் அதிகம் என்பதால் இரண்டு மடங்குச் சுருக்கே போதும். பட்டு வேண்டாம். ஜரிகைக் கரை சுருக்கில் மடங்காமல் முரண்டு பிடிக்கும்.

அடுத்தது டக், அதாவது துணியை மடித்துப் பிடித்துத் தைப்பது. சின்னப் பிள்ளைகளுக்குப் பட்டுப்பாவாடை தைக்கும்போது வளர வளரப் பிரித்துவிடலாம் என்று கீழே இரண்டு மூன்று டக் பிடிப்போமே, லோலிடா பாவாடையிலும் அதே இடத்தில் பின்டக் என்கிற மெல்லிய டக் வரும், அங்கே அழகுக்காக. அழகுக்கு மட்டும் என்றும் சொல்ல முடியாது, மடிப்பு ஒன்றின் மேல் ஒன்று வரும்போது துணி அங்கே கனத்து விறைப்பாகிறது, கீழ் ஓரம் தொய்யாமல் வட்டமாக நிற்கிறது. பார்டருக்கு ஒரு இன்ச் மேலே கால் இன்ச் டக் மூன்று பிடியுங்கள். ஒவ்வொன்றும் அரை இன்ச் துணியை விழுங்கும், ஆக ஒன்றரை இன்ச் நீளம் குறையும். சுருக்குவதற்கு முன்பே, துணி தட்டையாக இருக்கும்போதே கோடு போட்டுத் தைத்து, அயர்ன் பண்ணிவிடுங்கள். எனக்கு இந்த உடையில் மிகவும் பிடித்த இடமே இதுதான். நீளம் போதவில்லை என்றால் உள்ளே காட்டன் லைனிங் பாவாடை ஒன்று தைத்து, அதன் ஓரத்தில் காட்டன் லேஸ் வைத்து, இரண்டு இன்ச் வெளியே தெரிய விடலாம். நைலான் லேஸ் பளபளப்பு மொத்த உடையையும் மலிவாகக் காட்டும். லேஸ் கொஞ்சமாக இருந்தாலும் பரவாயில்லை, காட்டனாக இருக்கட்டும்.

மேல்பாகத்துக்கு உங்களுக்குச் சரியாகப் பொருந்துகிற சுடிதார் டாப்பின் பிரின்சஸ் கட்டை எடுத்துக்கொள்ளலாம். நம்ம ரவிக்கை அளவில் பிடித்தம் பிடிக்காதீர்கள், உள்ளே சட்டை போட்டு அதன்மேல் இது வரப்போகிறது, மார்பளவில் இரண்டு இன்ச் தளர்வு வேண்டும். முதுகுப் பக்கம் எலாஸ்டிக் நூல் தையல் போட்டால் அளவு கொஞ்சம் மாறினாலும் தாங்கும். எலாஸ்டிக் நூலைப் பாபினில் கையாலேயே சுற்றுங்கள், இழுக்காமல். மேலே சாதாரண நூல், தையலை இருப்பதிலேயே பெரிதாக வைத்து, ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு வரி. தைத்தவுடன் சரியாகச் சுருங்கவில்லையே என்று பயப்பட வேண்டாம், நீராவி காட்டினால் சிக்கென்று பிடித்துக்கொள்ளும். உள்சட்டைக்கு மல்மல் துணி, பப் கை. அந்தக் கை நமக்குப் புதிதில்லை, பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் கதாநாயகி போட்ட பப் கை ரவிக்கையைப் பார்த்து அப்படியே தைக்கலாம்.

சுருக்கு வைப்பதற்குக் கை பழக வேண்டும் என்றால், புதுமண்டபத்தில் இருந்து இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய தையல்கடைகளில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் வேஷம் போடுகிறவர்களுக்கு உடை தைக்கிறவர்கள் அவர்கள், பிரிலும் சுருக்கும் அவர்களுக்குத் தண்ணீர்பட்ட பாடு. "அண்ணே, இது எப்படி" என்று கேட்டால் மெஷினை நிறுத்தாமலே சொல்லிக்கொடுப்பார்கள்.

இப்போது தாவணி. இங்கே நான் உங்கள் யோசனையிலிருந்து கொஞ்சம் விலகுகிறேன். தோளில் தாவணியைப் போட்டால் நெஞ்சுப் பகுதியில் செய்த வேலை முழுக்க மறையும், ஒருபக்கம் கனம் கூடி உருவமே சாயும், இரண்டு உடையை ஒன்றன்மேல் ஒன்று போட்ட மாதிரி ஆகிவிடும். கிமோனோ பாணி லோலிடா தைக்கிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். முழுக் கிமோனோவைக் கொண்டுவருவதில்லை, குறுக்காகப் படியும் கழுத்தையும் அகலக் கையையும் எடுத்துக்கொள்கிறார்கள், ஓபி என்கிற இடுப்புப் பட்டையைப் பின்னால் பெரிய முடிச்சாக்குகிறார்கள், பாவாடையை மட்டும் லோலிடாவாகவே விடுகிறார்கள். சீனப் பெண்களின் சீப்பாவ் உடையிலிருந்து வருவது நின்ற காலரும், கழுத்திலிருந்து வலது அக்குள் வரை சாய்வாக இறங்கும் திறப்பும், துணியை முடிந்து செய்யும் பொத்தானும். கொரிய ஹான்போக்கில் பாவாடை மார்புக்கு மேலிருந்தே விரிவதால் இடுப்பு இருக்கும் இடம் மாறுகிறது, அதை லோலிடாவாக்குவது கொஞ்சம் சிரமம். ஆக, தாவணியையும் அந்த ஓபி மாதிரியே இடுப்புக்குக் கொண்டுவாருங்கள்: எதிர்நிறத்தில் ஒரு தாவணித் துணி, இடுப்பில் இரண்டு சுற்று, பின்னால் பெரிய முடிச்சு, இரண்டு நுனியிலும் குஞ்சம். மெரூன் பாவாடைக்கு மாம்பழ மஞ்சள் கட்டிப் பாருங்கள், யாரும் சொல்லாமலே நம்ம ஊர் உடை என்று தெரியும்.

பின்னாடி நீங்கள் கிமோனோ பாணியிலும் தைக்கப் போனால் ஒன்றை மறக்கக் கூடாது. இடது பக்க மடிப்புதான் வலதின் மேல் வர வேண்டும். மாற்றிப் போடுவது ஜப்பானில் இறந்தவர்களுக்கு உடுத்தும் முறை. அடுத்தவர் உடையிலிருந்து எடுக்கும்போது இப்படிப்பட்டதைத் தெரிந்துகொண்டு எடுப்பதுதான் மரியாதை, நம் உடைக்கும் அதே நியாயம்: சாமி உருவம் அச்சடித்த துணியைப் பாவாடைக்கு எடுக்காதீர்கள். அதன்மேல் உட்காரப் போகிறோம், பார்க்கிற பெரியவர்களுக்கு மனசு வலிக்கும்.

தலைக்கு: லோலிடாவில் தலை வெறுமையாக இருக்கவே கூடாது. பிளாஸ்டிக் ரோஜாவுக்குப் பதிலாக மிச்சச் சுங்குடியில் ஒரு தலைப்பட்டை தைத்து, இரண்டு ஓரத்திலும் சின்னச் சீப்பு வைத்து, அதன் பின்பக்கம் ஒரு முழம் மதுரை மல்லியைக் குத்திக்கொள்ளுங்கள்.

வீட்டில் அந்தப் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு யாராவது பதறினால், அந்தப் பெயரில் உள்ள ஆங்கில நாவலுக்கும் இந்த உடைக்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்லுங்கள். இது ஜப்பானில், டோக்கியோவின் ஹராஜுக்கு என்ற பகுதியில் இளம்பெண்கள் தங்கள் ஆசைக்காக உடுத்தி வளர்த்த பாணி, கழுத்தும் தோளும் மூடி, பாவாடை முழங்காலுக்குக் கிட்டே வரை இறங்கும் உடை. 2009-இல் ஜப்பான் வெளியுறவு அமைச்சகமே லோலிடா உடை மாடல் மிசாகோ ஆவோகியைத் தன் நாட்டு ஃபேஷனுக்குத் தூதராக நியமித்தது. என் அம்மாவிடம் இவ்வளவு விளக்க வேண்டியிருக்கவில்லை, "அட, இது குட்டைப் பாவாடை சட்டைதானே" என்று கேட்டுவிட்டு லேஸ் தைக்க உட்கார்ந்துவிட்டார்.

முதல் உடைக்குக் கறுப்பு அல்லது மெரூன் அச்சுச் சுங்குடியாக எடுங்கள், புள்ளி சின்னதாக, பார்டர் நான்கு இன்ச்சுக்குள் இருக்கட்டும். அதற்கும் பெரிய பார்டர் என்றால் டக் பிடிக்க இடம் இருக்காது. உங்கள் இடுப்பளவும் இடுப்பிலிருந்து முழங்கால் வரை நீளமும் கமெண்டில் போடுங்கள், எத்தனை இன்ச் எங்கே வெட்டுவது என்று சேலைக்கு ஏற்ற மாதிரி கணக்குப் போட்டுத் தருகிறேன்.